பக்கத்தில் ஒரு புது ஊர்

1892 அக்டோபர் மாதம் கிரேக்கத்தின் பர்னாசஸ் மலைச்சரிவில் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் மண் வெட்டத் தொடங்கியபோது அவர்களுக்குப் படைவீரர்கள் காவல் நிற்க வேண்டியிருந்தது. வெட்ட வேண்டிய மண்ணின்மேல் ஓர் ஊர் இருந்தது. காஸ்திரி என்று பெயர். பண்டைய டெல்ஃபியின் அப்போலோ கோயிலின் கற்கள் அந்த ஊர் வீடுகளுக்குச் சுவராகவும் படியாகவும் ஆகியிருந்தன. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய எழுத்துகள் பொறித்த கல்லுக்குப் பக்கத்தில் யாரோ அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். 1870இல் வந்த நிலநடுக்கம் ஊரைக் குலைத்துப் போட்டதிலிருந்தே அதை வேறிடத்துக்கு மாற்றும் பேச்சு இருந்தது. பேச்சு முடிய இருபது ஆண்டு ஆனது. இடையில் பிரான்சுக்கு ஏற்றுமதியாகும் கிரேக்க உலர்திராட்சைக்கு எவ்வளவு வரி என்ற பேரமும் இதோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது. 1891இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. காஸ்திரி ஊரை மேற்கே ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள்.

இன்று டெல்ஃபி போகிறவர்கள் பேருந்திலிருந்து இறங்குவது அந்தத் தள்ளிவைத்த ஊரில்தான். விடுதியும் சாப்பாட்டுக் கடையும் அங்கேதான். மறுநாள் காலை நடந்துபோய்ப் பழைய இடத்தைப் பார்க்கிறார்கள். சரிவில் நாலைந்து தூண்கள், அரங்கம், கீழே பள்ளத்தாக்கு முழுக்க ஒலிவமரங்கள், மேலே பருந்து. உலகத்தில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடங்கள் என்று யார் பட்டியல் எழுதினாலும் டெல்ஃபி அதில் இருக்கும், இருக்கவும் வேண்டும். 1896இல் அந்த மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்த வெண்கலத் தேரோட்டியின் முகத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். ஆனால் அங்கே நிற்கிறவருக்குத் தோன்றுகிற அந்த நெடுங்காலத் தனிமை, ரோமப் பேரரசு போனது முதல் காற்று மட்டுமே உலவிய இடம் என்ற உணர்வு, அது நூற்று முப்பது ஆண்டு வயதுள்ளது. அதற்கு முன் அங்கே கோழி கூவியது, குழந்தைகள் அழுதன, திராட்சை ரசம் புளித்தது.

உலகத்தின் பழம்பெரும் இடங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு இந்தத் தள்ளிவைத்த ஊர்கள்தாம் முதலில் கண்ணில் படுகின்றன. எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் நினைப்பதைவிட அதிக இடங்களில் இருக்கின்றன. பார்க்கப் போகிற இடத்துக்குப் பக்கத்தில் நேர்க்கோட்டுத் தெருக்களோடு ஒரு புது ஊர் இருக்கும். அங்கிருக்கும் முதியவர்களுக்கு அந்தச் சின்னத்தின் ஏதோ ஒரு மூலை தங்கள் சமையலறையாக நினைவிருக்கும், அல்லது அவர்களுடைய பெற்றோருக்கு நினைவிருந்திருக்கும். பயண நூல்கள் அந்த ஊரைப் பேருந்து நிலையமாகவும் தங்குமிடமாகவும் மட்டுமே குறிப்பிடும்.

சிரியாவின் பல்மைராவில் இது இன்னும் துலக்கமாக நடந்தது. பாலைவனச் சோலையின் நடுவே கி.பி. 32இல் குடமுழுக்குக் கண்ட பேல் கோயிலின் மதிலுக்குள் ஒரு முழுக் கிராமமே பல நூற்றாண்டாகக் குடியிருந்தது. உயர்ந்த மதில், கொள்ளைக்காரர்களுக்கு எதிரான காவல். கோயிலின் கருவறை மசூதியாக இருந்தது. அதற்குமுன் தேவாலயமாகவும் இருந்திருக்கிறது. 1929க்கும் 1932க்கும் இடையில் பிரெஞ்சு ஆட்சியின் தொல்லியல் துறைத் தலைவர் அன்ரி செய்ரிக் அந்த மக்களை வடக்கே புதிதாகக் கட்டிய தத்முர் நகருக்கு மாற்றினார். மண்வீடுகள் அகற்றப்பட்டன. நாம் படங்களில் பார்த்துப் பழகிய பல்மைரா, வானமும் தூணும் மணலும் மட்டுமான பல்மைரா, அப்போதுதான் உருவானது. 2015 ஆகஸ்டில் ஐ.எஸ். அமைப்பினர் அந்தக் கருவறையை வெடிவைத்துத் தகர்த்தபோது உலகம் பதறியது. பதற வேண்டியதுதான். அதே மாதத்தில் அந்த இடத்தை வாழ்நாள் முழுவதும் காத்த தொல்லியலாளர் காலித் அல்-அசத்தையும் கொன்றார்கள். அவர் தத்முர்க்காரர். தூண்களுக்காக உயிர்விட்ட மனிதர் புது ஊரிலிருந்து வந்தவர் என்பதை அந்தச் செய்திகளைப் படித்தவர்களில் எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது.

வெறுமையின்மேல் கண்ணுக்கு எப்போது இந்த ஆசை வந்தது? 1838-39இல் எகிப்துக்கும் பெத்ராவுக்கும் போன ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் ராபர்ட்ஸின் படங்களைப் பாருங்கள். தூண்களுக்கடியில் ஆட்கள் உட்கார்ந்து புகைபிடிப்பார்கள், ஒட்டகம் படுத்திருக்கும். கட்டடம் எவ்வளவு பெரியது என்று காட்டவும் கீழைநாட்டுச் சாயல் சேர்க்கவும்தான் அவர் அவர்களை வரைந்தார். இருந்தாலும் ஆட்கள் இருந்தார்கள். பிறகு தொல்லியல் ஒரு துறையாக வளர்ந்தது, புகைப்படம் வந்தது, நுழைவுச்சீட்டு வந்தது. ஒரு கட்டடம் எந்த ஆண்டில் கட்டப்பட்டதோ அந்த ஆண்டுதான் அதன் உண்மை, பின்னால் சேர்ந்ததெல்லாம் அழுக்கு என்ற எண்ணம் வேரூன்றியது. அந்த அழுக்கில் மனிதர்களும் அடங்கினார்கள்.

இதில் மிக நீண்ட, மிகச் சிக்கலான கதை எகிப்தின் குர்னாவுடையது. நைல் நதியின் மேற்குக் கரையில், லக்ஸர் நகருக்கு எதிரே, பண்டைய தீபஸின் இடுகாட்டு மலை இருக்கிறது. அரசர்களின் பள்ளத்தாக்கு அதன் மறுபுறம். இந்தப் பக்கச் சரிவில் இருப்பவை பிரபுக்களும் எழுத்தர்களும் அதிகாரிகளும் தங்களுக்காக வெட்டிக்கொண்ட கல்லறைகள். அறுவடை, விருந்து, மீன்பிடிப்பு, இசைப்பெண்கள் என்று வாழ்க்கையின் ஒவ்வொரு வேலையும் வண்ணத்தில் தீட்டிய சுவர்கள் அவை. அந்தக் கல்லறைகளின் மேலும் முன்னும் குர்னாவாசிகள் மண்வீடு கட்டியிருந்தார்கள். நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு வீடுகள். மெக்காவுக்குப் போய்வந்தவர்கள் வீட்டுச் சுவரில் காபாவும் தாங்கள் ஏறிப்போன கப்பலும் விமானமும் வரைந்திருப்பார்கள். உள்ளே மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய சுவரோவியம், வெளியே சென்ற ஆண்டின் சுவரோவியம்.

குர்னாவாசிகள் கல்லறைப் பொருட்களை விற்றார்கள் என்பது உண்மை. அப்த் அல்-ரசூல் குடும்பத்தார் அரச மம்மிகளை ஒளித்துவைத்திருந்த குகையைக் கண்டுபிடித்துச் சில ஆண்டுகள் சிறுகச்சிறுக விற்றுவந்தார்கள். 1881இல் விஷயம் வெளிப்பட்டது. இரண்டாம் ராம்சேஸ் உட்படப் பல அரசர்களின் உடல்கள் அங்கிருந்து கெய்ரோவுக்குப் போயின. ஷாதி அப்தெல் சலாம் 1969இல் எடுத்த ‘அல்-மூமியா’ என்ற திரைப்படம் இந்தச் சம்பவத்தைத்தான் ஒரு குடும்பத்து இளைஞனின் மனச்சாட்சிக்குள்ளிருந்து பார்க்கிறது. ஆனால் வேறொன்றும் உண்மை. அந்த மலையை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் அவர்கள்தாம். ஐரோப்பிய அகழாய்வுக் குழுக்கள் கூலிக்கு அமர்த்தியது அவர்களைத்தான். வாங்குவதற்கு ஐரோப்பாவில் அருங்காட்சியகங்களும் செல்வந்தர்களும் இருந்ததால்தான் விற்பதற்கு இங்கே ஆள் இருந்தது. விற்றவனின் பெயர் திருடன் என்று நிலைத்தது. வாங்கியவரின் பெயர் காட்சிக்கூடத்தின் வாசலில் பொறிக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

1940களில் ஒரு கல்லறையின் பாறைச் சிற்பம் வெட்டி எடுக்கப்பட்டது. அரசு இனி பொறுக்க முடியாது என்று முடிவுசெய்து ஊரையே கீழே சமவெளிக்கு மாற்றும் வேலையை ஹசன் ஃபத்ஹி என்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தது. சிமென்ட்டும் இரும்பும் ஏழை நாட்டுக்குக் கட்டுப்படியாகாது, மண்செங்கல் போதும் என்று நம்பியவர் அவர். மரச்சாரம் இல்லாமலே கவிகை எழுப்பும் நூபியக் கொத்தனார்களை வரவழைத்தார். குடும்பம் குடும்பமாகப் பேசி, ஒவ்வொருவருக்கும் ஏற்ற வீடு வரைந்தார். பள்ளிவாசல், சந்தை, பள்ளிக்கூடம், நாடக அரங்கு எல்லாம் எழுந்தன. புது குர்னாவின் படங்களைப் பார்த்தால் இருபதாம் நூற்றாண்டில் ஏழைகளுக்காக இவ்வளவு அழகாக யாரும் கட்டவில்லை என்று தோன்றும். மூன்று ஆண்டில், பாதி ஊர் எழும்பாமலே, வேலை நின்றது. குர்னாவாசிகள் வர மறுத்துவிட்டார்கள்.

ஏன் மறுத்தார்கள் என்பதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். கல்லறை வருமானம் போய்விடும் என்பது ஒன்று. கவிகை போட்ட கூரை அந்தப் பக்கத்து மக்களுக்குச் சமாதிகளின் அடையாளம் என்பது இன்னொன்று. அதிகாரிகளின் இழுத்தடிப்பு மற்றொன்று. ஃபத்ஹியே பிற்பாடு எழுதிய ‘ஏழைகளுக்கான கட்டடக்கலை’ என்ற நூல் இந்தத் தோல்வியின் நேர்மையான பதிவு. கட்டடக் கலை படிக்கும் மாணவர்கள் உலகெங்கும் இன்றும் அதைப் படிக்கிறார்கள். எனக்குப் படுவது இதுதான்: அவர் மக்களிடம் எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று கேட்டார். போக விருப்பமா என்று கேட்கும் அதிகாரம் அவருக்குத் தரப்படவில்லை. முதல் கேள்வியை எவ்வளவு அன்போடு கேட்டாலும் இரண்டாவதன் இடத்தை அது நிரப்பாது.

பழைய குர்னா மேலும் அறுபது ஆண்டு மலைமேல் இருந்தது. 2006 டிசம்பரில் இயந்திரங்கள் வந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அந்த வண்ண வீடுகளில் மிகப் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. மக்கள் வடக்கே கான்கிரீட் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் வேண்டும் என்று சிலர் விரும்பியே போனார்கள். கல்லறைப் பாறைக்குள் கழிவுநீர் கசிவதைத் தொல்லியலாளர்கள் கவலையோடு சொல்லிவந்ததும் பொய்யல்ல. இன்று அந்த மலை பழுப்பாக, மொட்டையாக இருக்கிறது. கல்லறை வாயில்களுக்கு இரும்புக் கதவு. எண்ணிடப்பட்டிருக்கின்றன. மெக்கா போன கப்பல்கள் இல்லை.

பெத்ராவுக்கு வருவோம். ஜோர்டானின் தென்பாலைவனத்தில் சுமார் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய மலையிடுக்கில் நடந்து, திடீரென்று திறக்கும் வெளிச்சத்தில், செம்பாறையில் குடைந்த நாற்பது மீட்டர் உயர முகப்பைப் பார்ப்பது உலகத்தின் பெரிய அனுபவங்களில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. நபாத்தேயர்கள் வெட்டிய இந்த நகரத்தில் மழைநீரைச் சொட்டுவிடாமல் பிடித்துக் கால்வாயிலும் தொட்டியிலும் கொண்டுசேர்த்த வேலைப்பாடு அந்த முகப்பைவிட எனக்கு வியப்பாகப் படுகிறது. ‘கருவூலம்’ என்று பெயர் பெற்ற அந்த முகப்பின் உச்சியில் ஒரு கல் கலசம் உண்டு. அதில் துப்பாக்கிக் குண்டுகளின் தடம் இருக்கிறது. உள்ளே பொன் இருப்பதாக நம்பிய பதூயின் மக்கள் சுட்டுப் பார்த்த தடம் அது. 1812இல் வேடமிட்டு வந்த சுவிஸ் பயணி பர்க்ஹார்ட் பெத்ராவைக் ‘கண்டுபிடித்தார்’ என்று புத்தகங்களில் இருக்கும். அவரை வழிநடத்திக் கூட்டிவந்ததே அங்குள்ள ஆள்தான்.

அங்கே வசித்தவர்கள் பதூல் என்ற குடியினர். பழைய கல்லறைக் குகைகளில் குளிர்காலம், ஆட்டுமயிர்க் கூடாரத்தில் மற்ற காலம். 1985இல் பெத்ரா உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதையொட்டிப் பதூல் மக்கள் மேட்டின்மேல் கட்டப்பட்ட உம் சைஹூன் என்ற குடியிருப்புக்கு மாற்றப்பட்டார்கள். மின்சாரம், பள்ளிக்கூடம், மருத்துவ வசதி கிடைத்தன. ஆடுகளுக்கு இடம் கிடைக்கவில்லை. குடும்பங்கள் பெருகின, நிலம் பெருகவில்லை. 1978இல் பயணியாக வந்து, ஒரு பதூல் இளைஞரை மணந்து, குகையிலேயே குடும்பம் நடத்திய நியூசிலாந்துப் பெண் மார்கரீத் வான் கெல்டர்மால்சன் 2006இல் எழுதிய நூல், அந்தக் குகை வாழ்க்கையின் அன்றாடத்தை ஒரு மருமகளின் கண்ணால் பார்த்துச் சொல்கிறது. தண்ணீர் எடுப்பது, ரொட்டி சுடுவது, பிள்ளை பெறுவது. பெத்ரா பற்றி வந்த நூல்கள் பலவற்றில் முகப்புகளின் அளவும் ஆண்டும்தான் இருக்கும். அந்த முகப்புகளுக்குப் பின்னால் விளக்கேற்றியவர்களைத் தேடுகிறவர்களுக்கு இந்தப் புத்தகத்தைச் சொல்வேன்.

2005இல் யுனெஸ்கோ இன்னொரு அறிவிப்பு செய்தது. பெத்ரா, வாதி ரம் பகுதி பதூயின் மக்களின் பண்பாட்டு வெளி மனிதகுலத்தின் வாய்மொழிச் செல்வங்களில் ஒன்று. ஆடு மேய்ப்பது, கூடாரம் நெய்வது, மூலிகை, ஒட்டக மருத்துவம், பாறையில் தடம் பிடிப்பது எல்லாம் காக்கப்பட வேண்டியவை. குகைகளிலிருந்து அவர்களை வெளியேற்றி இருபது ஆண்டு ஆகியிருந்தது. கல்லைக் காக்க ஒரு பட்டியல், கல்லில் வாழ்ந்த வாழ்க்கையைக் காக்க ஒரு பட்டியல், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவேயில்லை.

இந்த இடத்தில் ஒரு வாசகர் குறுக்கிட்டுக் கேட்கலாம். குகையில் வாழ்வது என்ன புனிதமா? படிக்க வேண்டிய பிள்ளைகளை இருட்டில் வைத்திருப்பதைப் பண்பாடு என்று போற்றலாமா? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேட இத்தாலியின் தெற்கே, மத்தேராவுக்குத்தான் போக வேண்டும்.

கிராவினா என்ற ஆழமான ஆற்றுப் பிளவின் விளிம்பில், மென்மையான சுண்ணாம்புப் பாறையில், அடுக்கடுக்காகக் குடைந்த வீடுகள். சாஸ்ஸி என்று பெயர். ஒருவர் வீட்டுக் கூரை அடுத்தவருக்குத் தெரு. மனிதர்கள் இங்கே கற்காலம் முதலே வாழ்ந்ததற்குச் சான்று உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட குடைவரைத் தேவாலயங்கள், பைசாந்தியச் சாயலில் புனிதர்களின் ஓவியங்கள். பாறைக்குள் மழைநீரை வழிநடத்தும் கால்வாய்களும் தொட்டிகளும் நகரம் முழுக்க ஒரே வலைப்பின்னலாக ஓடின. நான்கைந்து வீடுகள் ஒரு முற்றத்தைச் சுற்றி இருக்கும். முற்றத்தில் ஒரு கிணறு. துவைப்பது, சமைப்பது, பிள்ளை பார்ப்பது, சண்டை, சமரசம் எல்லாம் அங்கே. விசினாத்தோ என்பார்கள். மாவை வீட்டில் பிசைந்து பொது அடுப்புக்கு அனுப்பும்போது ரொட்டி மாறிவிடாமலிருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத்து செதுக்கிய ஒரு மர முத்திரை இருந்தது.

மக்கள்தொகை ஏறியது. தொட்டிகளாகவும் பண்டசாலைகளாகவும் இருந்த பள்ளங்கள்கூட வீடாயின. கழிவுநீர் ஓடிய பள்ளங்களை மூடிச் சாலை போட்டார்கள். பழைய நீர்முறை முறிந்தது. ஒற்றை அறையில் எட்டுப் பத்துப் பேர், பின்புறம் கோவேறு கழுதை, கட்டிலடியில் கோழி. மலேரியா. கண்ணைக் குருடாக்கும் டிரக்கோமா. முசோலினி அரசால் இந்த வட்டாரத்துக்கு நாடுகடத்தப்பட்டிருந்த மருத்துவரும் ஓவியருமான கார்லோ லெவி 1945இல் வெளியிட்ட ‘கிறிஸ்து எபோலியோடு நின்றுவிட்டார்’ என்ற நூலில், மத்தேரா வழியாக வந்த தன் சகோதரி கண்டதைச் சொல்கிறார். அவரும் மருத்துவர். அவர் பின்னால் ஓடிவந்த குழந்தைகள் காசு கேட்கவில்லை, கொய்னா மருந்து கேட்டார்கள். அந்தப் பக்கத்தைப் படித்த எவரும் அந்தக் குகைகளைப் பாதுகாத்திருக்க வேண்டும் என்று வாய்திறக்க மாட்டார்கள்.

1948இல் கம்யூனிஸ்டுத் தலைவர் தொலியாத்தி மத்தேராவைத் தேசத்தின் அவமானம் என்றார். 1950இல் பிரதமர் தெ காஸ்பெரி நேரில் வந்தார். 1952இல் சட்டம் வந்தது. சுமார் 15,000 பேர் படிப்படியாகச் சாஸ்ஸியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வாசல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். திரும்பிவரக் கூடாது அல்லவா.

வெளியேறியவர்களில் பெரும்பாலோர் மகிழ்ந்தே போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குழாயைத் திறந்தால் தண்ணீர், விசையைத் தட்டினால் விளக்கு. ஆனாலும் பிரிவு பிரிவுதான். லா மார்த்தெல்லா என்ற புது ஊரை வடிவமைத்த லுதோவிகோ குவாரோனியும் அவருடைய தோழர்களும் இதை உணர்ந்தவர்கள். அந்த முற்ற வாழ்க்கையை ஆய்வாளர்களை வைத்துப் படித்து, வளைந்த தெருக்களில் வீடுகளைச் சிறு கொத்துகளாக அமைத்தார்கள். வீட்டோடு ஒட்டித் தொழுவமும் வைத்தார்கள். நல்ல மனம், நல்ல வேலை. முற்றம் மட்டும் வரவில்லை. முற்றத்தை உண்டாக்கியது வடிவமல்ல, வேறு வழியில்லாத நெருக்கடியும் தலைமுறைகளும் ஒரே கிணறும். அதைக் காகிதத்தில் வரைய முடியாது.

பிறகு முப்பது ஆண்டுகள் சாஸ்ஸி காலியாகக் கிடந்தது. திரைப்பட இயக்குநர் பசோலினி 1964இல் மத்தேயு நற்செய்தியைப் படமாக்க அங்கே வந்தார். அவருக்கு ஜெருசலேம் அதுதான். 1986இல் புனரமைப்புக்கு ஒரு சட்டம். 1993இல் யுனெஸ்கோ பட்டியல். 2019இல் மத்தேரா ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகர். அடைத்த செங்கல்லைப் பெயர்த்துக் குகைகளை விடுதிகளாக்கினார்கள். வெள்ளை விரிப்பு, மெழுகுவத்தி வெளிச்சம், பாறைச்சுவரில் மறைந்த விளக்குகள். ஓர் இரவுக்கு வாங்கும் பணத்தை அந்த அறையில் பிறந்த உழவர் தன் வாழ்நாளில் ஒருசேரப் பார்த்திருக்க மாட்டார்.

ஆக, குகையை விட்டு மக்களை அனுப்பியது தவறா என்றால், இல்லை, சரிதான். மருந்து கேட்டு ஓடிவரும் குழந்தைக்கு முன்னால் எந்தப் பாரம்பரியமும் பெரிதல்ல. என் மனத்தை அறுப்பது அதற்குப் பிறகு நடந்தது. குகைகளுக்குத் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் கொண்டுவர முடியும் என்பதை இன்றைய விடுதிகள் காட்டிவிட்டன. அன்று அந்தப் பணமும் உழைப்பும் உழவர்களுக்காகச் செலவிடத் தகாதவையாகத் தெரிந்தன. அரை நூற்றாண்டு கழித்துப் பயணிகளுக்காகத் தகுந்தவையாயின. அவமானம் என்று சொல்லப்பட்ட அதே அறை, ஆள் மாறியதும் அதிசயமானது. மத்தேரா போகிறவர்களுக்கு நான் சொல்வது: சாஸ்ஸியில் ஒரு குகை வீட்டை அன்றைய தட்டுமுட்டுச் சாமான்களோடு அப்படியே வைத்திருக்கிறார்கள், அதைப் பாருங்கள். பியாத்சா வித்தோரியோ வெனெத்தோவுக்கு அடியில் சுமார் 50 லட்சம் லிட்டர் கொள்ளும் நீர்த்தொட்டி இருக்கிறது, பாறையில் குடைந்த பேராலயம்போல, அதையும் பாருங்கள். பின்பு அரைநாள் ஒதுக்கி ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி லா மார்த்தெல்லாவுக்குப் போங்கள். அது அந்தச் சின்னத்தின் மறுபாதி. அதைப் பார்க்காமல் வருவது கதையின் நடுவில் எழுந்து வருவதாகும்.

நம் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. ஹம்பிக்கு இங்கிருந்து போகாதவர்கள் குறைவு. விரூபாக்ஷர் கோயிலுக்கு நேரே நீளும் தேர்வீதியின் இரு பக்கக் கல்மண்டபங்களில் வீடும் கடையுமாக இருந்தவர்களை 2011 ஜூலையில், மிகக் குறுகிய அவகாசத்தில், இயந்திரங்கள் வைத்து அகற்றினார்கள். அந்த வீதி கடைவீதியாகவே கட்டப்பட்டது. விஜயநகரத்தின் சந்தைகளில் மணியும் துணியும் பழமும் குவிந்திருந்ததை 1520 வாக்கில் அங்கே வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பயஸ் எழுதி வைத்திருக்கிறார். விற்பதற்காகக் கட்டிய வீதி இன்று விற்பவர் இல்லாமல் சுத்தமாக இருக்கிறது. கம்போடியாவின் அங்கோரில் 2022 முதல் பல ஆயிரம் குடும்பங்கள் கோயில் வட்டாரத்திலிருந்து ரன் தா எக் என்ற இடத்துக்குப் போகுமாறு நெருக்கப்பட்டன என்று 2023இல் ஆம்னெஸ்டி அமைப்பு விரிவாக அறிக்கை வெளியிட்டது. பழைய காலத்துக் கதையாக எண்ணிவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மக்கள் தங்கிவிட்ட இடங்களும் உண்டு, அவற்றையும் தேடிப் போக வேண்டும். லக்ஸர் கோயிலுக்குள்ளேயே இருந்த வீடுகளை 1880களில் எகிப்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மாஸ்பெரோ அகற்றத் தொடங்கினார். ஆனால் அபூ ஹஜ்ஜாஜ் என்ற ஞானியின் பள்ளிவாசலை அகற்ற ஊர் இடம் கொடுக்கவில்லை. சுற்றிலும் மண்ணை அள்ளி எடுத்தபின் அந்தப் பள்ளிவாசலின் பழைய வாசல் தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் தொங்குகிறது. இரண்டாம் ராம்சேஸ் எழுப்பிய தூண்களுக்கு மேலே ஐந்து வேளையும் தொழுகை நடக்கிறது. ஆண்டுதோறும் ஞானியின் விழாவில் படகுகளை ஊர்வலமாக இழுத்துப் போகிறார்கள். பாரோக்களின் காலத்தில் இதே கோயிலுக்கு ஆமோன் கடவுளைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் நேரான தொடர்பு உண்டா என்று அறிஞர்கள் வாதாடட்டும். படகு வருகிறது, அவ்வளவுதான்.

குரோவேஷியாவின் ஸ்பிளிட் நகரம் எல்லாவற்றிலும் விசித்திரமானது. ரோமப் பேரரசர் தியோக்ளேஷியன் 305இல் அரியணையைத் தானே துறந்து, கடலோரத்தில் தனக்காகக் கட்டிய கோட்டை அரண்மனையில் வந்து தங்கினார். ஏழாம் நூற்றாண்டில் பக்கத்துச் சலோனா நகரம் படையெடுப்பில் அழிந்தபோது தப்பிய மக்கள் இந்த மதிலுக்குள் புகுந்தார்கள். புகுந்தவர்கள் போகவில்லை. பேரரசரின் சமாதி மண்டபம் பேராலயமானது. அவருடைய ஆட்சியில் கொல்லப்பட்ட தோம்னியஸ் என்ற ஆயரின் பெயரில் அந்த ஆலயம் இருக்கிறது. ஜூப்பிட்டர் கோயிலில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். காவலர் நடைபாதைகள் சமையலறையாயின. தூணுக்கும் தூணுக்கும் இடையே சுவர் எழுப்பிச் சன்னல் வைத்தார்கள். மேலே குடியிருந்தவர்கள் பல நூற்றாண்டாக நிலவறைகளுக்குள் கொட்டிய குப்பையும் கழிவும் அந்த அறைகளைக் கூரைவரை நிரப்பி, அவற்றை இடியாமல் காத்தன. 1950களில் அதைத் தோண்டி எடுத்தபோதுதான், மேலே அழிந்துபோயிருந்த அரண்மனை அறைகளின் அமைப்பே விளங்கியது. அழுக்கு என்று சொல்லப்படுவது ஒரு கட்டடத்துக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு ஸ்பிளிட் ஒரு பதில்.

1757இல் ராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் அங்கே ஐந்து வாரம் தங்கி அளந்து வரைந்து, 1764இல் பெரிய நூலாக வெளியிட்டார். நூலின் தலைப்பில் அவர் இட்ட பெயர் ‘இடிபாடுகள்’. ஆயிரக்கணக்கானவர்கள் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஓர் ஊரை அப்படி அழைத்தார். அவர் கண்ணிலும் அந்த மக்கள் அரண்மனையை மறைக்கும் திரைதான்.

ஸ்பிளிட்டிலிருந்து யாரையும் யாரும் இயந்திரம் வைத்து அகற்றவில்லை. ஆனால் மதிலுக்குள் நிரந்தரமாக வசிப்பவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு வீடாகப் பயணிகளுக்கான வாடகை அறையாகிறது. கோடையில் நள்ளிரவுவரை இசை. மளிகைக் கடை இருந்த இடத்தில் பனிக்கூழ்க் கடை. முதியவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் மதிலுக்கு வெளியே அடுக்குமாடிகளுக்குப் போய்விடுகிறார்கள். காஸ்திரியில் படைவீரர்கள் செய்ததை இங்கே நம் முன்பதிவுகள் செய்கின்றன. போகவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த மதிலுக்குள் ஒருமுறை நடக்காமல் இருப்பது பெரிய இழப்பு. குளிர்காலத்தில் போகலாம். மதிலுக்கு வெளியே, ஊர்க்காரர்கள் நடத்தும் விடுதியில் அறை எடுக்கலாம். விடியற்காலையில் கிழக்கு மதிலோரத்துக் காய்கறிச் சந்தைக்கும் பிறகு மேற்கே மீன் சந்தைக்கும் போனால், அரண்மனையில் இன்னும் சமைக்கிறவர்களைப் பார்க்கலாம். மத்தி வாங்குகிறார்கள், விலை பேசுகிறார்கள், பையைத் தூக்கிக்கொண்டு ரோம வாயில் வழியாக வீட்டுக்குப் போகிறார்கள்.